கூட்டு வரித் தாக்கலில் ரீஃபண்ட் காணாமல் போனால்: துணைவரின் சைல்டு சப்போர்ட் பாக்கியும் படிவம் 8379-உம்

அமெரிக்காவில் கணவன் மனைவி சேர்ந்து வரித் தாக்கல் செய்திருக்கிறீர்கள். ரீஃபண்ட் வரவேண்டிய வாரத்தில் பணம் வரவில்லை, அல்லது பாதிதான் வந்தது. பிறகு ஒரு கடிதம்: உங்கள் துணைவர் முதல் திருமணத்துக் குழந்தைக்குக் கட்டவேண்டிய சைல்டு சப்போர்ட் பாக்கிக்காகப் பணத்தை எடுத்துக்கொண்டோம் என்று.

வரி சீசனில் நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் மேசையில் சில வருடங்களாக உட்காருகிறேன். ஒருமுறை மறுமணம் செய்த நம்மூர்ப் பெண் ஒருவர், நான்காக மடித்த அந்தக் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். "அவர் கட்டவேண்டியது நியாயம்தான் அண்ணா. ஆனா என் சம்பளத்துல பிடிச்ச வரி எப்படி அங்க போச்சு?" என்றார். சரியான கேள்வி. அதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. கூட்டு ரீஃபண்டில் என் பங்கை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கும் படிவம் 8379-தான் அந்தப் பதில். அதை ரிட்டர்னோடு (வரித் தாக்கல் படிவத்தோடு) சேர்த்தே கொடுத்திருந்தால் அவர் பங்கைத் திருப்பிக் கேட்டு அலையவேண்டி வந்திருக்காது. இதைத்தான் கீழே பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

அறிகுறி: பணம் குறைந்திருக்கிறது, யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை

முதலில் இதைக் கண்டுபிடியுங்கள். ரீஃபண்ட் குறைந்தாலே சைல்டு சப்போர்ட்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூட்டு ரீஃபண்டிலிருந்து எடுக்க ஒரு வரிசை இருக்கிறது. பழைய ஃபெடரல் வரி பாக்கி முதலில். அடுத்தது சைல்டு சப்போர்ட். அதற்குப் பிறகுதான் அரசுக்குத் திருப்பவேண்டிய மாணவர் கடன் போன்றவை, அப்புறம் மாநில வருமான வரி, வேலையின்மை உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கிய பாக்கி.

பழைய ஃபெடரல் வரிக்கு எடுத்தால் ஐ.ஆர்.எஸ். (ஃபெடரல் வரித் துறை) தானே கடிதம் அனுப்பும். அதன் மூலையில் சிபி49 என்று இருக்கும். சைல்டு சப்போர்ட்டுக்கு எடுப்பது ஐ.ஆர்.எஸ். அல்ல. கருவூலத் துறையின் பீரோ ஆஃப் த ஃபிஸ்கல் சர்வீஸ் என்ற அலுவலகம், ட்ரெஷரி ஆஃப்செட் ப்ரோக்ராம் என்ற திட்டத்தின் கீழ் எடுக்கிறது. வரவேண்டிய பணத்தைக் கடனுக்குக் கழித்துக்கொள்வதுதான் ஆஃப்செட். கடிதமும் அங்கிருந்துதான் வரும். முதலில் எவ்வளவு ரீஃபண்ட், அதில் எவ்வளவு எடுத்தார்கள், எந்த மாநில அலுவலகத்துக்குப் போனது என்றெல்லாம் அதில் இருக்கும்.

கடிதம் தொலைந்துவிட்டதா? 800-304-3107 என்ற எண்ணில் ஆஃப்செட் அலுவலகத்தின் தானியங்கிக் குரல் எந்த நேரமும் பதில் சொல்லும். யார் பெயரில் கடன் பதிவாகியிருக்கிறதோ அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். ஐ.ஆர்.எஸ்.ஸைக் கூப்பிட்டு "எவ்வளவு பாக்கி?" என்று கேட்பதில் பயனில்லை. அந்தக் கணக்கு அவர்களிடம் இல்லை.

ஐ.ஆர்.எஸ். தளத்தில் உங்கள் கணக்கு டிரான்ஸ்கிரிப்டையும் (கணக்கு விவரப் பட்டியல்) இறக்கிப் பாருங்கள். 846 என்ற எண் இருக்கும் பதிவு, ரீஃபண்ட் வழங்கப்பட்டதைச் சொல்வது. அதற்கடுத்து 898 என்று ஒரு பதிவு வந்தால், ஐ.ஆர்.எஸ். அல்லாத கடனுக்கு அந்தத் தொகை போய்விட்டது என்று பொருள். 826 என்றால் வேறு வருடத்து வரி பாக்கிக்கு மாற்றியிருக்கிறார்கள். எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

அறிகுறி: இன்னும் தாக்கல் செய்யவில்லை, ஆனால் துணைவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது

நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். முன்னறிவிப்புக் கடிதம் பாக்கி வைத்தவர் பெயருக்குத்தான் வரும். உங்கள் பெயருக்கு வராது. அதனாலேயே பல வீடுகளில் அது மேசை இழுப்பறையில் கிடந்துவிடுகிறது. மறுமணம் செய்தவராக இருந்தால், தாக்கல் செய்யும் முன் "பாக்கி ஏதாவது இருக்கா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். சங்கடம்தான். ஆனால் பல மாதம் பணமில்லாமல் அல்லாடுவதைவிட அந்தச் சங்கடம் மேல்.

பாக்கி சின்னதாக இருந்தாலும் அசட்டையாக விடாதீர்கள். அந்தக் குடும்பம் அரசின் பண உதவி பெற்று, பாக்கியை வாங்கும் உரிமை மாநிலத்துக்குப் போயிருந்தால் 150 டாலர் பாக்கி போதும், ஆஃப்செட்டுக்கு அனுப்பலாம். பணம் நேரே குடும்பத்துக்குச் சேரவேண்டியது என்றால் 500 டாலர். மாதத் தவணை ஒழுங்காகக் கட்டிவருகிறார் என்பதும் காப்பாற்றாது. பழைய பாக்கி நிலுவையில் இருக்கும்வரை ரீஃபண்டை எடுப்பார்கள்.

செய்யவேண்டியது ஒன்றுதான். 1040 ரிட்டர்னோடு படிவம் 8379-ஐச் சேர்த்து மின்னணு முறையில் அனுப்புங்கள். முடிவு வர ஏறக்குறைய 11 வாரம் ஆகும். தாளில் அனுப்பினால் 14 வாரம். தாளில் அனுப்புகிறவர்கள் ரிட்டர்னின் முதல் பக்கத்தில் இடது மேல் மூலையில் 'இஞ்சர்ட் ஸ்பவுஸ்' (பாதிக்கப்பட்ட துணைவர்) என்ற இரண்டு சொல்லை ஆங்கிலத்தில் எழுதவேண்டும்.

யார் கேட்கலாம்? கூட்டு ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். அந்தக் கடனுக்கு நீங்கள் சட்டப்படி பொறுப்பாளியாக இருக்கக் கூடாது. உங்கள் சம்பளத்தில் வரி பிடித்திருக்க வேண்டும், அல்லது நீங்களே முன்கூட்டி எஸ்டிமேட்டட் வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது ஈ.ஐ.டி.சி. (குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கான வரிச் சலுகை) போலத் திரும்பக் கிடைக்கும் கிரெடிட் உங்கள் பங்கில் இருக்க வேண்டும்.

அறிகுறி: "நான் குற்றமற்றவள் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள்"

தவறான படிவத்தை எடுத்திருக்கிறீர்கள். 'இன்னொசென்ட் ஸ்பவுஸ்' என்பது வேறு, அது படிவம் 8857. துணைவர் வருமானத்தை மறைத்து, அதனால் வந்த வரிக்கு உங்களையும் பிடிக்கும்போது கேட்கும் விடுதலை அது. உங்கள் விஷயம் 'இஞ்சர்ட் ஸ்பவுஸ்', படிவம் 8379. இங்கே யாரும் உங்கள் மீது குற்றம் சொல்லவில்லை, நீங்களும் துணைவர் மீது சொல்லவேண்டாம். என் பங்கை எனக்குக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. இரண்டு பெயரும் காதில் ஒரே மாதிரி விழுவதால் படித்தவர்களே மாற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

அறிகுறி: ரிட்டர்ன் போய்விட்டது, பணமும் போய்விட்டது

இப்போதும் கேட்கலாம். படிவம் 8379-ஐத் தனியாகத் தபாலில் அனுப்புங்கள். அசல் ரிட்டர்ன் போட்டபோது எந்த ஊரில் இருந்தீர்களோ அந்தப் பகுதிக்கான ஐ.ஆர்.எஸ். மையத்துக்கு அனுப்பவேண்டும். பிறகு வேறு மாநிலத்துக்குக் குடிபோயிருந்தாலும் பழைய இடத்தின் மையம்தான். இருவருடைய டபிள்யூ-2 (சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம்) நகல்களையும், வரி பிடித்ததைக் காட்டும் 1099 படிவங்களையும் இணையுங்கள். கூட்டு ரிட்டர்னின் நகலை இணைக்காதீர்கள். ரிட்டர்ன் ஏற்கெனவே செயலாகி முடிந்திருந்தால் ஏறக்குறைய 8 வாரம்.

தனியாக அனுப்பும்போது பணம் கேட்கிறவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும். துணைவரின் சம்மதம் வேண்டாம். பிரிந்து வாழ்கிறவர்களிடம் இதை நான் இரண்டு முறை சொல்வேன், ஏனென்றால் அவரிடம் போய்க் கையெழுத்துக்கு நிற்கவேண்டுமே என்ற பயத்திலேயே பலர் படிவத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். பணம் இருவர் பெயரிலும் வரவேண்டுமானால் மட்டும் டிக் செய்யும் ஒரு கட்டம் படிவத்தில் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டால் உங்கள் பெயரில் மட்டும் வரும். முகவரி மாறியிருந்தால் அதற்கும் இடம் உண்டு.

அவகாசம்: அந்த ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து, நீட்டிப்பு வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து, 3 வருடம். அல்லது வரி கட்டிய நாளிலிருந்து 2 வருடம். எது பிந்தியதோ அது. ஆக, போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் எடுத்த பணத்தைக்கூட இப்போது கேட்கலாம். வருடத்துக்கு ஒரு படிவம் தனித்தனியாக.

பிந்தி அனுப்புவதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. எடுத்த பணம் மாநில அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து குழந்தையை வளர்க்கும் தாய்க்கோ தந்தைக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் பிறகு உங்கள் பங்கை வாங்கினால், கருவூலம் அதை மாநிலத்திடம் திருப்பிக் கேட்கும், மாநிலம் அந்தத் தாயிடம் கேட்கலாம். வாடகை கட்டிச் செலவழித்த பணத்தைத் திருப்பித் தா என்றால் அவர் எங்கே போவார்? கூட்டு ரீஃபண்டிலிருந்து வந்த பணம் என்றால் மாநிலம் ஆறு மாதம்வரை நிறுத்திவைத்துக் கொடுக்கலாம் என்ற விதியே இதனால்தான் இருக்கிறது. படிவத்தை முதலிலேயே சேர்த்தால் யாருடைய கையிலிருந்தும் எதையும் பிடுங்கவேண்டியதில்லை.

அறிகுறி: படிவம் திரும்பி வந்தது, அல்லது மாதக்கணக்கில் அசைவில்லை

பெரும்பாலும் மூன்றாம் பகுதியில்தான் கோளாறு. அங்கே மூன்று பத்திகள் (மேலிருந்து கீழாக வரும் கட்டங்கள்): கூட்டு ரிட்டர்னில் உள்ள தொகை, உங்கள் பங்கு, துணைவர் பங்கு. ஒவ்வொரு வரிசையிலும் பின்னிரண்டையும் கூட்டினால் முதல் பத்தியின் தொகை வரவேண்டும். ஒரு டாலர் தள்ளிப்போனாலும் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.

சம்பளம் யாருடையதோ அவர் பத்தியில். பிடித்த வரி டபிள்யூ-2 யாருடையதோ அவருக்கு. அடிப்படை ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான தொகை) ஆளுக்குப் பாதி, சம்பளம் எப்படியிருந்தாலும். குழந்தைக்கான கிரெடிட், தனித்தனியாகத் தாக்கல் செய்திருந்தால் அந்தக் குழந்தையை யார் காட்டியிருப்பாரோ அவருக்கு. ஈ.ஐ.டி.சி.யை நீங்கள் பிரிக்கவேண்டாம், ஐ.ஆர்.எஸ். பிரித்துக்கொள்ளும். பெயர்களும் சோஷியல் செக்யூரிட்டி எண்களும் ரிட்டர்னில் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் இருக்கவேண்டும். கணவர் பெயர் அங்கே முதலில் இருந்தால் இங்கேயும் முதலில்.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2024-ஆம் வருடம், ஒரு தம்பதி, இருவருக்கும் பிறந்த ஒரு குழந்தை. மனைவி சம்பளம் 48,000 டாலர், பிடித்த வரி 4,600. கணவர் சம்பளம் 36,000, பிடித்த வரி 2,400. கணவருக்கு முந்தைய திருமணத்தில் பாக்கி. கூட்டு வருமானம் 84,000, ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 29,200 போக 54,800. வரி 6,112, குழந்தை கிரெடிட் 2,000 கழித்தால் 4,112. பிடித்தது 7,000. ரீஃபண்ட் 2,888. (வரி அட்டவணையில் பார்த்தால் ஒன்றிரண்டு டாலர் முன்பின் இருக்கும்.)

இப்போது பங்கு. பாதிப் பாதி என்று 1,444 எதிர்பார்க்கிறவர்கள்தான் அதிகம். அப்படி இல்லை. ஐ.ஆர்.எஸ். ஒவ்வொருவரும் தனியாகத் தாக்கல் செய்திருந்தால் எவ்வளவு வரி வந்திருக்கும் என்று பார்த்து, அந்த விகிதத்தில் கூட்டு வரியைப் பிரிக்கும். மனைவிக்கு 48,000-இல் 14,600 கழித்து 33,400, வரி 3,776. கணவருக்கு 21,400-இல் வரி 2,336. குழந்தை கிரெடிட் மனைவி பத்தியில் என்றால் அவர் வரி 1,776. அவரிடம் பிடித்தது 4,600. ஆக அவர் பங்கு 2,824. பாக்கிக்குப் போவது 64 டாலர்தான். அதே கிரெடிட்டைக் கணவர் பத்தியில் எழுதிவிட்டால் மனைவிக்கு வருவது வெறும் 824. ஒரே ஒரு தொகையை எந்தப் பத்தியில் எழுதுகிறோம் என்பதில் 2,000 டாலர் இருக்கிறது. இருவரும் உரிமையோடு காட்டக்கூடிய குழந்தை என்றால் அதை மனைவி பத்தியில் எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை. கணவர் மட்டுமே காட்டக்கூடிய குழந்தையை மாற்றி எழுதாதீர்கள்.

அறிகுறி: பணம் வந்தது, ஆனால் நினைத்ததைவிடக் குறைவு, அல்லது எதுவுமே இல்லை

எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்? அரிசோனா, கலிஃபோர்னியா, ஐடஹோ, லூயிசியானா, நெவாடா, நியூ மெக்சிகோ, டெக்சஸ், வாஷிங்டன், விஸ்கான்சின் ஆகிய ஒன்பதும் கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி மாநிலங்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் பே ஏரியா, டாலஸ், சியாட்டில் எல்லாம் இதில் அடக்கம். இங்கே திருமணக் காலச் சம்பளம் பொதுவாக இருவருக்கும் சொந்தம், அதில் பிடித்த வரியும் அப்படியே. அதனால் மேலே போட்ட கணக்கு இங்கே செல்லாது. அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பார்த்து ஐ.ஆர்.எஸ். பிரிக்கும். உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்ததிலும் ஒரு பகுதி போகலாம், சில இடங்களில் முழுவதுமே போகலாம். படிவத்தில் மாநிலத்தின் பெயரைக் கேட்கும் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வருடத்தின் நடுவில் குடிமாறியிருந்தாலும் எழுதவேண்டும். இந்த மாநிலங்களில் இருப்பவர்கள் தொகை பெரிதாக இருந்தால் ஒரு வரி வழக்கறிஞரையோ, வருமானம் குறைவாக இருந்தால் லோ இன்கம் டாக்ஸ்பேயர் கிளினிக்கையோ பார்த்துவிடுவது நல்லது.

மற்ற மாநிலங்களில், பங்கு கேட்பவர் எச்-4 விசாவில் (துணைவரைச் சார்ந்து வருபவருக்கான விசா) வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் மனைவி என்றால், பிடித்த வரி எதுவும் அவர் பெயரில் இல்லை. திரும்பக் கிடைக்கும் கிரெடிட் அவர் பங்கில் வராவிட்டால் கேட்டாலும் கிடைக்க ஒன்றும் இருக்காது. வீட்டைச் சுமப்பவரின் உழைப்புக்கு இந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் விதி அதுதான்.

அறிகுறி: பாக்கியே இல்லை, அல்லது தொகை தவறு

படிவம் 8379 இதற்கு மருந்தல்ல. ஐ.ஆர்.எஸ்.ஸாலும் ஆஃப்செட் அலுவலகத்தாலும் கடன் தொகையைத் திருத்த முடியாது. எந்த மாநிலம் பாக்கியைப் பதிவு செய்ததோ அந்த மாநிலத்தின் சைல்டு சப்போர்ட் அலுவலகத்தில்தான் முறையிட வேண்டும். அதன் பெயரும் எண்ணும் கடிதத்தில் இருக்கும். கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை, நீதிமன்ற உத்தரவு எல்லாம் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கையில் பணமாகக் கொடுத்தேன், ஸெல் என்ற பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பினேன் என்பார்கள். மாநில அலுவலகம் வழியாகப் போகாத பணம் கணக்கில் ஏறாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டும் மறுக்கப்படும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி: மாநில ரீஃபண்டும் போய்விட்டது

8379 ஃபெடரல் ரீஃபண்டுக்கு மட்டும். மாநில ரீஃபண்டுக்கு அந்தந்த மாநில வரித் துறையிடம் தனியாகக் கேட்கவேண்டும். அதன் படிவமும் கெடுவும் வேறு.

அறிகுறி: போன வருடம் திரும்பக் கிடைத்தது, இந்த வருடம் மறுபடியும் எடுத்துவிட்டார்கள்

போன வருடப் படிவம் போன வருடத்துக்கு மட்டும்தான். பாக்கி தீரும்வரை ஒவ்வொரு வருடமும் புதிதாக இணைக்கவேண்டும். திருத்திய ரிட்டர்னான 1040-எக்ஸ் போட்டுக் கூடுதல் ரீஃபண்ட் கேட்டால் அதற்கும் இன்னொரு 8379.

இந்தத் தொல்லையே வேண்டாம், தனித்தனியாகத் தாக்கல் செய்கிறோம் என்றால் அதுவும் வழிதான். ஆனால் கல்விக் கிரெடிட்டும் மாணவர் கடன் வட்டிக் கழிவும் போய்விடும், பெரும்பாலோருக்கு ஈ.ஐ.டி.சி.யும் போய்விடும். இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். கடைசி நாள் தாண்டியபின் கூட்டு ரிட்டர்னைத் தனி ரிட்டர்னாக மாற்ற முடியாது. தனியாகப் போட்டதைக் கூட்டாக மாற்றலாம். கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி மாநிலத்தில் தனியாகப் போட்டாலும் வருமானத்தைப் பிரித்துக்காட்ட வேண்டும், அதற்குப் படிவம் 8958.

இன்னொரு வழி, உங்கள் அலுவலகத்தில் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்தி, தேவைக்கு மேல் வரி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. பிடிப்பது குறைந்தால் ரீஃபண்டும் குறையும், எடுப்பதற்கும் ஒன்றும் இருக்காது. ரொம்பக் குறைத்துவிட்டால் ஏப்ரலில் கையிலிருந்து கட்டவேண்டிவரும், அதனால் ஐ.ஆர்.எஸ். தளத்தின் வித்ஹோல்டிங் எஸ்டிமேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். இது உங்கள் சம்பளத்துக்குச் சொல்வது. பாக்கி வைத்தவர் தன் டபிள்யூ-4-ஐக் குறைத்து மிஞ்சும் பணம் அந்தக் குழந்தைக்குப் போகவேண்டியது.

கடிதத்தோடு வந்த அந்தப் பெண்ணுக்கு அன்றே படிவத்தைத் தனியாக நிரப்பி, இரண்டு டபிள்யூ-2 நகலையும் சேர்த்து உறையில் போட்டுக் கொடுத்தோம். அடுத்த பிப்ரவரியில் கணவரோடு வந்தார். ரிட்டர்னை ஆரம்பிப்பதற்கு முன்பே, "அண்ணா, முதல்ல அந்த எட்டு-முந்நூத்தி எழுபத்தொன்பதை எடுங்க" என்றார்.